உணவுக்குழாய்: உடற்கூறு புரிந்தால் நோயும் அறுவையும் புரியும்

கேட்கப்பட்ட கேள்வி இது. அறுவை சிகிச்சைப் பயிற்சியில் முதல் வருடம். உணவுக்குழாயின் உடற்கூறு, நோய்கள், ஆபரேஷன் பெயர்கள் எல்லாவற்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தாகிவிட்டது. ஆனால் ஒரு நோயாளி எதிரில் உட்கார்ந்து "முழுங்க முடியல டாக்டர்" என்று சொன்னதும் எதையும் எதோடும் கோர்க்க முடியவில்லை. எந்த நோய்க்கு எந்தப் பக்கமாகப் போகிறோம், ஏன் என்று கேட்டால் பதில் வரவில்லை. எப்படிப் படிப்பது?

உடற்கூறிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் மருத்துவப் படிப்பின் முதல் வருடத்தில் படித்த மாதிரி வேண்டாம். ஒவ்வொரு விவரத்தைப் படிக்கும்போதும் இதனால் என்ன நோய் வருகிறது, இதனால் ஆபரேஷனில் என்ன மாறுகிறது என்று இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டே போங்கள். உடலில் வேறு எந்த உறுப்பையும்விட உணவுக்குழாய்க்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் இதன் தொல்லைகளில் பாதிக்குமேல் அது இருக்கும் இடத்தாலும் அதன் சுவரின் அமைப்பாலும் வருபவைதான்.

முதலில் நீளம். கிரிக்காய்டு குருத்தெலும்பின் கீழ் விளிம்பில், ஆறாவது கழுத்து முள்ளெலும்பு மட்டத்தில் தொடங்கி, பத்தாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் உதரவிதானத்தைத் துளைத்து, பதினொன்றாவது மட்டத்தில் இரைப்பையோடு சேர்கிறது. நீளம் சுமார் 25 செ.மீ. ஆனால் எண்டோஸ்கோபி அறையில் எல்லா அளவும் முன்வெட்டுப் பற்களிலிருந்துதான் எடுக்கப்படும்: 15 செ.மீ.யில் கிரிக்கோஃபேரிஞ்சியஸ் (உணவுக்குழாயின் மேல்வாயில் இருக்கும் வளையத் தசை), 25 செ.மீ.யை ஒட்டி பெருந்தமனி வளைவும் இடது பிரதான மூச்சுக்கிளையும், 40 செ.மீ.யை ஒட்டி இரைப்பைச் சந்திப்பு. இந்த மூன்றும் இயல்பான குறுகல்கள். விழுங்கிய நாணயம் இங்கேதான் சிக்கும், அமிலம் குடித்தவருக்கு இங்கேதான் அதிகம் வெந்திருக்கும், ஸ்கோப் ஓட்டை போடுவதும் பெரும்பாலும் இங்கேதான், அதிலும் முதலாவது இடத்தில். ரிப்போர்ட்டில் "32 செ.மீ.யில் கட்டி" என்று பார்த்தால் அது நடுமார்பின் கீழே, மூச்சுக்குழாய் பிரியும் இடத்தைத் தாண்டி இருக்கிறது என்று உடனே மனதில் படம் வர வேண்டும். 24 செ.மீ. என்றால் கதையே வேறு, அங்கே மூச்சுக்குழாய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, மூச்சுக்குழாய்க்குள் ஸ்கோப் விட்டு ப்ராங்கோஸ்கோபி பார்க்காமல் ஆபரேஷன் பேச்சையே எடுக்கக் கூடாது.

அடுத்தது அது போகும் பாதை. கழுத்தில் நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கம், நடுமார்பில் பெருந்தமனி வளைவு தள்ளுவதால் வலப்பக்கம், கீழே மறுபடியும் இடப்பக்கம் திரும்பி வயிற்றுக்குள் இறங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டால் அணுகுமுறைகளை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. கழுத்துப் பகுதிக்கு இடது கழுத்து வெட்டு, நடுமார்புக்கு வலது மார்பு, கீழ்மார்புக்கு இடது மார்பு. வலது மார்பைத் திறந்தால் குறுக்கே நிற்பது அசைகஸ் சிரை ஒன்றுதான், அதைக் கட்டி வெட்டிவிட்டால் உணவுக்குழாய் முழு நீளத்துக்கும் கண்ணில் படும். இடப்பக்கம் திறந்தால் பெருந்தமனி வளைவு மேல்பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும்.

இப்போது சுவர். உள்ளிருந்து வெளியே மியூக்கோசா (உட்படலம்), சப்மியூக்கோசா (அதன் அடியிலுள்ள இணைப்புத்திசு), உள்வட்டத் தசையும் வெளி நீளத் தசையும், கடைசியாக அட்வென்டிஷியா எனும் தளர்வான வெளித்திசு. குடலுக்கு இருக்கும் சீரோசா எனும் வழவழப்பான வெளிச்சவ்வு இதற்குக் கிடையாது. பரீட்சையில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போகும் இந்த விஷயத்தை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பேன். குடலில் தையல் போட்டால் சீரோசா சில மணி நேரத்திலேயே ஒட்டி அடைத்துக்கொள்ளும், இங்கே அந்த உதவி இல்லை. நீளவாட்டுத் தசையில் போட்ட தையல் நார்களைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். தையலைத் தாங்கும் வலு சப்மியூக்கோசாவுக்குத்தான் உண்டு, ஆகவே ஒவ்வொரு தையலும் அதைப் பிடித்திருக்க வேண்டும். மியூக்கோசா உள்ளே சுருங்கிப் பின்வாங்கிக்கொள்ளும் சுபாவம் உடையது, அதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்காமல் தைத்தால் மூன்று நான்கு நாளில் கசியும். புற்றுநோய் பரவுவதற்கும் தடுப்புச் சுவர் இல்லை, தசையைத் தாண்டியதும் நேரே மார்பின் நடுவறையான மீடியாஸ்டினம்.

சப்மியூக்கோசாவில் இன்னொரு விஷயம் இருக்கிறது: நிணநீர் நாளங்கள் இங்கே நீளவாக்கில் ஓடுகின்றன. மியூக்கோசாவின் லாமினா ப்ராப்ரியாவிலேயே அவை தொடங்கிவிடுகின்றன, பெருங்குடலில் அப்படி இல்லை. அதனால்தான் கட்டி சின்னதாக இருக்கும்போதே நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விடுகிறது, அதுவும் பக்கத்துக் கணுவை விட்டுவிட்டு கழுத்துக்கோ வயிற்றுக்கோ தாவிவிடுகிறது. மியூக்கோசாவோடு நிற்கும் டி1ஏ கட்டியில் கணுப் பரவல் மிகக் குறைவு, எண்டோஸ்கோபி வழியாகவே செதுக்கி எடுத்துவிடலாம். சப்மியூக்கோசாவைத் தொட்ட டி1பி கட்டியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கணுவில் இருக்கும், ஆழம் கூடக் கூட இன்னும் அதிகம். ஆகவே பெரும்பாலும் முழு அறுவை. இந்த மெல்லிய கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதில்தான் நோயாளி உணவுக்குழாயோடு வீட்டுக்குப் போகிறாரா, அது இல்லாமல் போகிறாரா என்பது தீர்மானமாகிறது.

இரத்த ஓட்டம் துண்டு துண்டாக வருகிறது: மேலே கீழ்த்தைராய்டு தமனி, நடுவில் மூச்சுக்கிளைத் தமனிகளும் பெருந்தமனியின் நேரடிக் கிளைகளும், கீழே இடது இரைப்பைத் தமனி. சிரைகளில் கீழ்ப்பகுதி மட்டும் இடது இரைப்பைச் சிரை வழியாகப் போர்ட்டல் மண்டலத்துக்குப் போகிறது, மற்றவை அசைகஸ் வழியாகப் பொது மண்டலத்துக்கு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கல்லீரல் சுருக்க நோயில் சிரைகள் வேரிசஸாகப் புடைக்கின்றன. அது இப்போது பேண்டு போடுவதிலும் மருந்திலும் டிப்ஸிலும் (கல்லீரலுக்குள் இரு சிரை மண்டலங்களையும் இணைக்கும் ஸ்டென்ட்) முடிகிற வேலை, அறுவைக்காரருக்கு அங்கே அதிக இடமில்லை, விட்டுவிடுவோம்.

அண்டை வீட்டுக்காரர்களில் மூன்று பேரை மறக்காதீர்கள். குரல்நாண்களை அசைக்கும் ரெக்கரன்ட் லாரிஞ்சியல் நரம்பு, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஓடுகிறது. நிணநீரைக் கொண்டுபோகும் தொராசிக் டக்ட், பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் பெருந்தமனியோடு சேர்ந்து மார்புக்குள் வந்து, வலப்பக்கமாக ஏறி, ஐந்தாவது முள்ளெலும்பையொட்டி இடப்பக்கம் தாண்டுகிறது. இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்புகள் கீழே வரும்போது இடது முன்பக்கமும் வலது பின்பக்கமும் திரும்பிவிடுகின்றன. இந்த மூவரும் பின்னால் சிக்கல்கள் பகுதியில் ஒவ்வொருவராக வருவார்கள்.

சரி, நோயாளிக்கு வருவோம். விழுங்கச் சிரமம் என்று சொன்னால் முதல் கேள்வி, திடப்பொருளா, திரவமுமா, எது முதலில்? முதலில் கெட்டி உணவு, அப்புறம் குழைந்தது, அப்புறம் தண்ணீரும் என்று வாரக் கணக்கில் மோசமாகிக்கொண்டே போனால் உள்ளே அடைப்பு. வயதானவர், எடை குறைகிறது என்றால் வேறு எதையும் யோசிக்காமல் எண்டோஸ்கோபிக்கு அனுப்புங்கள், பேரியம் எடுத்து நாள் கடத்த வேண்டாம். திடமும் திரவமும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து தொல்லை, சில நாள் நன்றாக இருக்கிறது சில நாள் இல்லை, வருடக் கணக்காக இப்படித்தான் என்றால் அசைவுக் கோளாறு. இளைஞர், ஆஸ்துமாவோ அலர்ஜியோ உண்டு, அவ்வப்போது இறைச்சித் துண்டு சிக்கி அவசரப் பிரிவுக்கு வருகிறார் என்றால் ஈசினோஃபிலிக் அழற்சி. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயாப்ஸி எடுங்கள், ஒரு உயர்பெருக்கப் புலத்தில் 15 ஈசினோஃபில் (ஒவ்வாமையில் கூடும் வெள்ளணு) இருந்தால் அது கணக்கு. முதியவர், நேற்றுச் சாப்பிட்டது செரிக்காமல் வாய்க்கு வருகிறது, வாய் நாறுகிறது, கழுத்தில் கொடகொட என்று சத்தம் என்றால் சென்கர் பை. அது தைரோஃபேரிஞ்சியஸ் தசைக்கும் கிரிக்கோஃபேரிஞ்சியஸுக்கும் நடுவே பின்பக்கம் இருக்கும் கில்லியன் முக்கோணத்தில் பிதுங்கி வருகிறது. பை அங்கே விளைவு மட்டும்தான், திறக்க மறுக்கும் கிரிக்கோஃபேரிஞ்சியஸ்தான் காரணம். பையை மட்டும் வெட்டிவிட்டுத் தசையை வெட்டாமல் வந்தால் தையல் கசியும், பையும் திரும்பி வரும். இந்த மாதிரி சந்தேகம் இருந்தால் எண்டோஸ்கோபி செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், ஸ்கோப் நேரே பைக்குள் போய் ஓட்டை போடும்.

அக்கலேசியாவில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உடலியக்கம் அப்படியே ஆபரேஷனாக மாறும் நோய் இது. தசைக்கு நடுவிலுள்ள அவர்பாக் வலைப்பின்னலில், தசையைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடு நரம்பணுக்கள் அழிந்துவிடுகின்றன. சுருக்கச் சொல்லும் அணுக்கள் மிஞ்சுகின்றன. விளைவாகக் கீழ்வால்வு விழுங்கும்போது தளர்வதில்லை, மேலே உள்ள குழாயில் அலையும் இல்லை. 1674-லேயே தாமஸ் வில்லிஸ் திமிங்கில எலும்பின் நுனியில் பஞ்சு கட்டி இப்படிப்பட்ட ஒருவருக்கு உணவைத் தள்ளிவிடக் கொடுத்திருக்கிறார். இன்று குழாய்க்குள் அழுத்தத்தை அளக்கும் ஹை ரெசல்யூஷன் மேனோமெட்ரியில் தளர்வு அழுத்தத்தைப் பார்த்து, சிகாகோ வகைப்பாட்டின்படி மூன்றாகப் பிரிக்கிறோம்: முதல் வகையில் குழாயில் அசைவே இல்லை, இரண்டாவதில் குழாய் முழுவதும் ஒரே நேரத்தில் அழுத்தம் ஏறுகிறது, மூன்றாவதில் கீழ்ப்பகுதி இசிவாகச் சுருங்குகிறது. எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் நன்றாகத் தேறுவது இரண்டாவது வகை. மூன்றாவதற்குக் கீழ்வால்வை மட்டும் வெட்டிப் பயனில்லை, இசிவு எவ்வளவு தூரம் ஏறுகிறதோ அவ்வளவு தூரம் மேலே வெட்ட வேண்டும், அது வாய் வழியாக ஸ்கோப் விட்டு உள்ளிருந்தே தசையை வெட்டும் போயம் முறையில்தான் எளிது.

ஆனால் மேனோமெட்ரிக்கு முன்னால் எண்டோஸ்கோபி கட்டாயம். பேரியத்தில் பறவை அலகு தெரிகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், இரைப்பை வாயில் உட்கார்ந்திருக்கும் புற்றுநோயும் அதே படத்தைத் தரும். அறுபதைத் தாண்டியவர், சில மாதக் கதை, வேகமாக எடை குறைவு என்றால் சந்திப்பைத் திருப்பிப் பார்த்து, தேவையானால் சிடியும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டும் எடுத்த பிறகே அக்கலேசியா என்று எழுதுங்கள்.

சிகிச்சை என்பது போன நரம்பணுவைத் திருப்பிக் கொண்டுவருவது அல்ல, அடைப்பை உடைப்பது மட்டுமே. பலூன் வைத்து விரிக்கலாம், லேப்ராஸ்கோபியில் ஹெல்லர் மயாட்டமி (வெளியிலிருந்து தசையை வெட்டுவது) செய்யலாம், போயம் செய்யலாம். எர்ன்ஸ்ட் ஹெல்லர் இதை முதலில் செய்தது 1913-இல், அவர் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் வெட்டினார், இப்போது முன்பக்கம் மட்டும். போயமை மனிதரில் தொடங்கியவர் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே, 2008-இல். மூன்றும் இரண்டு வருடக் கணக்கில் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருகின்றன. 2011-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் பலூனுக்கு 86 சதவீதம், ஹெல்லருக்கு 90. 2019-இல் போயமையும் ஹெல்லரையும் ஒப்பிட்டபோது 83-உம் 82-உம். ஆனால் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அமிலம் மேலேறுவதால் வரும் ரிஃப்ளக்ஸ் அழற்சி போயம் செய்தவர்களில் 44 சதவீதம், ஹெல்லரில் 29. காரணம் தெளிவு, ஹெல்லரோடு, இரைப்பையின் மேல்பகுதியை முன்பக்கமாக மடித்துத் தைக்கும் டோர் மடிப்பும் போடுகிறோம், போயமில் அது இல்லை. என் தனிப்பட்ட சாய்வு: மூன்றாம் வகைக்குப் போயம், பெரிய ஹயட்டஸ் ஹெர்னியா (உதரவிதானத் துளை வழியாக இரைப்பை மேலேறுவது) கூடவே இருந்தால் ஹெல்லர், மற்றவர்களிடம் மூன்றையும் விளக்கிச் சொல்லி அந்த இடத்தில் யாருக்கு எது நன்றாகக் கைவருமோ அதைச் செய்வது.

ஹெல்லரில் கையில் தெரிய வேண்டியது ஒன்று. முன் வேகஸை அடையாளம் கண்டு தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நீளத் தசையைப் பிரித்தால் கீழே வட்டத் தசை குறுக்காக வெண்மையான பட்டைகளாகத் தெரியும். அதை ஒவ்வொரு பட்டையாகத் தூக்கி வெட்டும்போது கீழே இருந்து முத்து நிறத்தில் மியூக்கோசா பிதுங்கி மேலெழும், மேலே நுண்ணிய நாளங்கள் படர்ந்திருக்கும். சரியான தளத்தில் இருக்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம். சின்னச் சின்ன ரத்தக் கசிவைக் கண்டு காட்டரியை வைக்காதீர்கள், ஒரு நிமிடம் துணியால் அழுத்தினால் நின்றுவிடும், சூடு பட்ட மியூக்கோசா அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், சில நாள் கழித்துத் திறந்துகொள்ளும். மேலே சுமார் 6 செ.மீ., கீழே இரைப்பையில் 2 முதல் 3 செ.மீ. பயிற்சியாளர்கள் குறைவாக வெட்டுவது எப்போதும் கீழ்ப்பக்கம்தான், ஏனென்றால் இரைப்பையில் தசைநார்கள் சாய்வாக மாறி, தளம் மங்கி, மியூக்கோசா ஒட்டிக்கொண்டிருக்கும். அறுவைக்குப் பின் தொடரும் அடைப்புக்கு முக்கியக் காரணமும் அதுதான்.

ரிஃப்ளக்ஸ் நோயில் அறுவை செய்வதற்கு முன் மூன்று சோதனை கையில் இருக்க வேண்டும்: எண்டோஸ்கோபி, 24 மணி நேர பிஹெச் ஆய்வு, மேனோமெட்ரி. உணவுக்குழாய் அழற்சியை அளக்கும் லாஸ் ஏஞ்சலஸ் தரத்தில் சி அல்லது டி இருந்தாலோ, அமிலத்தில் நனையும் நேரம் 6 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ நோய் உறுதி. மேனோமெட்ரி ரிஃப்ளக்ஸைக் கண்டுபிடிக்க அல்ல, அக்கலேசியாவோ அலையே இல்லாத குழாயோ ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அப்படி ஒருவருக்கு, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் முழுச்சுற்று நிஸ்ஸன் போட்டுவிட்டால் அவர் தண்ணீர்கூட விழுங்க மாட்டார். ருடால்ஃப் நிஸ்ஸன் தன் முறையை வெளியிட்டது 1956-இல். இன்று 360 பாகை நிஸ்ஸனா, பின்பக்கம் 270 பாகை டூப்பேயா என்றால், ரிஃப்ளக்ஸைத் தடுப்பதில் பெரிய வித்தியாசமில்லை, விழுங்கும் தொல்லையும் வாயு அடைத்து வயிறு உப்புவதும் டூப்பேயில் குறைவு, நான் அதன் பக்கம்தான். மடிப்பின் பெயரைவிட முக்கியம் அடியில் செய்யும் வேலை: வயிற்றுக்குள் இழுக்காமலே தானாக இருக்கும் உணவுக்குழாய் குறைந்தது 2 முதல் 3 செ.மீ. வேண்டும், க்ரூராவை (உதரவிதானத் துளையின் இரண்டு தசைக்கால்கள்) பின்னால் தைக்க வேண்டும், ஃபண்டஸ் (இரைப்பையின் மேல்பகுதி) இழுவையில்லாமல் சுற்றி வர வேண்டும். பெரிய பாராஹயட்டல் ஹெர்னியா உள்ளவர் வலியோடு வந்து, வாந்தி எடுக்க முயன்றும் வராமல், மூக்குக் குழாயும் உள்ளே போகவில்லை என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டது, அது போர்கார்ட் முக்கூறு, அன்றைக்கே தியேட்டர்.

கீழ் உணவுக்குழாயின் உட்படலம் குடல் போல மாறும் பேரட் மாற்றம் இருந்தால், அதன் நீளத்தைச் சொல்லும் ப்ராக் அளவு எழுதி, நான்கு பக்கமும் 2 செ.மீ. இடைவெளியில் பயாப்ஸி எடுங்கள். மேடு பள்ளம் தெரிந்தால் செதுக்கி எடுத்துவிட்டு, மீதிப் பகுதியை ரேடியோ அதிர்வெண்ணால் எரிப்பது இன்றைய வழி. ஃபண்டோப்ளிகேஷன் (மேலே சொன்ன மடிப்பு) செய்தால் கண்காணிப்பை நிறுத்தலாம் என்று நினைக்கக் கூடாது.

இப்போது ஓட்டை. உணவுக்குழாயில் மரணத்தை விரைவாகக் கொண்டுவருவது இதுதான். ஹெர்மன் போயர்ஹாவே 1724-இல் எழுதிய நோயாளி ஒரு டச்சுக் கடற்படைத் தளபதி, விருந்துக்குப் பிறகு வாந்தி எடுக்க முயன்றபோது நெஞ்சில் ஏதோ கிழிந்தது என்று கத்தினார், ஒரு நாளுக்குள் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் சாப்பிட்டதெல்லாம் மார்புக் குழியில் இருந்தது. இப்படித் தானாகக் கிழிவது கீழ்ப்பகுதியில் இடது பின்பக்கச் சுவரில், சந்திப்புக்குச் சில செ.மீ. மேலே. வெற்றிகரமாக முதலில் தைத்தவர் நார்மன் பேரட், 1947-இல் வெளிவந்தது, மேலே சொன்ன பேரட் மாற்றத்துக்குப் பெயர் கொடுத்த அதே மனிதர். ஆனால் இன்று நீங்கள் அதிகம் பார்க்கப்போவது ஸ்கோப்பும் பலூனும் போட்ட ஓட்டைகளைத்தான். எண்டோஸ்கோபிக்குப் பிறகு வலி, காய்ச்சல், வேகமான நாடி, கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்று சத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நீரில் கரையும் கான்ட்ராஸ்ட் கொடுத்து சிடி எடுக்காமல் அன்று இரவு வீட்டுக்குப் போகாதீர்கள்.

தைக்கும்போது பயிற்சியாளர் கவனிக்க வேண்டியது இது: வெளியே தசையில் 2 செ.மீ. கிழிசல் தெரிந்தால் உள்ளே மியூக்கோசா இன்னும் நீளமாகக் கிழிந்திருக்கும். தசையை மேலும் கீழும் வெட்டித் திறந்து, மியூக்கோசாக் கிழிசலின் இரண்டு முனையும் கண்ணுக்குத் தெரியும்வரை போக வேண்டும். அழுகிய ஓரத்தை எடுத்துவிட்டு, சப்மியூக்கோசாவைப் பிடித்து மியூக்கோசாவைத் தனி அடுக்காகவும், தசையை மேல் அடுக்காகவும் மூடி, மேலே விலா இடைத் தசையை வைத்துப் பொதிய வேண்டும். தெரிந்த முனையோடு நிறுத்திக்கொண்டால் மறைந்திருக்கும் மூலையிலிருந்து கசியும். கீழே அடைப்பு இருந்தால், அது அக்கலேசியாவானால் எதிர்ப்பக்கத்தில் மயாட்டமி, புற்றுநோயானால் தையல் பிடிக்காது, ஸ்டென்ட் அல்லது வெட்டி எடுப்பது. தாமதமாக வந்தவர் என்பதற்காக மட்டும் தையலை ஒதுக்கிவிட வேண்டாம், 24 மணி நேரம் என்பது கடிகாரக் கணக்கு, திசு எப்படி இருக்கிறது என்பதுதான் கடைசித் தீர்ப்பு. ஸ்டென்டும், பஞ்சு வைத்து உறிஞ்சும் எண்டோஸ்கோபிக் வேக்குவமும் நிறைய பேருக்கு அறுவையைத் தவிர்த்திருக்கின்றன. ஆனால் எந்த வழியில் போனாலும் வெளியே தேங்கிய சீழையும் உணவையும் வடிகட்டுவதும், நுண்ணுயிர்க்கொல்லியும், குடல் வழி ஊட்டமும் இல்லாமல் எதுவும் தேறாது.

அமிலமோ காரமோ குடித்து வந்தவருக்கு வாந்தி எடுக்கவைக்காதீர்கள், நடுநிலையாக்குகிறேன் என்று எதையும் ஊற்றாதீர்கள், கண்மூடித்தனமாக மூக்குக் குழாய் போடாதீர்கள். முதலில் மூச்சுப்பாதை. காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழம் போகும், அமிலம் வேகவைத்து மேலே பொருக்கு கட்டும், அதனால் காரம் உணவுக்குழாயையும் அமிலம் இரைப்பையையும் அதிகம் கெடுக்கும் என்பார்கள், ஆனால் அடர்த்தியான அமிலம் இரண்டையும் விடாது. முதல் 24 மணி நேரத்தில் எண்டோஸ்கோபி செய்து காயத்தின் ஆழத்தை ஸார்கர் (Zargar) தரத்தில் எழுதுங்கள், அது இந்தியாவிலிருந்து 1991-இல் வெளிவந்த வகைப்பாடு, உலகம் முழுக்கப் பயன்படுகிறது. சுவர் முழுதும் செத்துவிட்டதா என்று பார்க்கச் சிடி உதவும். குறுக்கம் வாரங்கள் கழித்து வரும், விரித்துக்கொண்டே இருப்போம், அதற்கும் மசியாவிட்டால் பல மாதம் பொறுத்து, வடு முழுதாக முதிர்ந்த பிறகு பெருங்குடலையோ இரைப்பையையோ வைத்து மாற்றுப்பாதை. குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் நின்றால் அது வேறு அவசரம், இரண்டு மணி நேரத்தில் சுவர் கருகத் தொடங்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை.

பிறவிக் கோளாறில் ஒரு வார்த்தை: பிறந்த குழந்தை நுரை கக்கிக்கொண்டே இருந்து, குழாய் 10 செ.மீ. அளவில் நின்று சுருண்டுவிட்டால் அட்ரீசியா, அதாவது உணவுக்குழாய் நடுவே மூடியிருக்கிறது. வயிற்றில் காற்று தெரிந்தால் கீழ்ப்பகுதி மூச்சுக்குழாயோடு இணைந்திருக்கிறது, 85 சதவீதத்துக்கு மேல் இந்த வகைதான். முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம், ஆசனவாய் எல்லாம் பார்த்த பிறகு மேசைக்கு.

கடைசியாகப் புற்றுநோய், இது பெரிய பாடம். ஸ்குவாமஸ் (தட்டைச் செல்) வகை மேல், நடுப்பகுதியில்: புகையிலை, மது, மிகச் சூடான பானம், பழைய அமிலக் காயம், அக்கலேசியா. அடினோ (சுரப்பிச் செல்) வகை கீழே: ரிஃப்ளக்ஸ், பேரட், உடல் பருமன். உணவுக்குழாய் நன்றாக விரியும் தசைக்குழாய் என்பதால் உள்வட்டம் பெருமளவு அடைபடும்வரை நோயாளிக்குத் தெரிவதில்லை, வரும்போதே பெரும்பாலும் கட்டி முற்றியிருக்கும். பயாப்ஸி, சிடி, பெட் சிடி, ஆழம் தெரிய எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டு, மேற்பாதிக்கு ப்ராங்கோஸ்கோபி, சந்திப்புக் கட்டிக்கு லேப்ராஸ்கோபி. சந்திப்புக் கட்டியில் சீவர்ட் வகை எழுத மறக்காதீர்கள்: கட்டியின் மையம் சந்திப்புக்கு 1 முதல் 5 செ.மீ. மேலே என்றால் ஒன்று, 1 செ.மீ. மேலிருந்து 2 செ.மீ. கீழ்வரை இரண்டு, 2 முதல் 5 செ.மீ. கீழே மூன்று. மூன்றாவதை இரைப்பைப் புற்றுநோயாகவே நடத்துகிறோம்.

தசையை ஊடுருவிய, அல்லது கணுவில் பரவிய கட்டிக்கு முதலில் கத்தி எடுப்பதில்லை. 2012-இல் வந்த நெதர்லாந்தின் க்ராஸ் ஆய்வில் கார்போபிளாட்டின், பேக்ளிடாக்ஸலோடு 41.4 கிரே கதிர்வீச்சு கொடுத்து அறுத்தபோது வாழ்நாளின் நடுமதிப்பு (மீடியன்) 24 மாதத்திலிருந்து 49 மாதமாக ஆனது, முழுதாக ஓரம் விட்டு எடுக்க முடிந்தது 69 சதவீதத்திலிருந்து 92 ஆனது. ஸ்குவாமஸ் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில், எடுத்த குழாயில் உயிருள்ள கட்டியே மிஞ்சவில்லை. அடினோ வகைக்குக் கதை இப்போது மாறியிருக்கிறது, எசோபெக் ஆய்வில் கதிர்வீச்சில்லாமல் அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துச் சேர்க்கையான ஃப்ளாட் கீமோ கொடுத்தவர்கள் 66 மாதம், க்ராஸ் முறையில் 37 மாதம். ஆகவே இன்று: ஸ்குவாமஸுக்கு க்ராஸ், உடல் தாங்கும் அடினோவுக்கு ஃப்ளாட். கழுத்துப்பகுதி ஸ்குவாமஸுக்கு அறுத்தால் குரல்வளையும் சேர்ந்து போகும், அதனால் கீமோவும் கதிர்வீச்சும் மட்டுமே முதல் வழி.

ஆபரேஷன் எது? ஐவர் லூயிஸ் (1946) வயிற்றையும் வலது மார்பையும் திறந்து மார்புக்குள் இணைப்பது, மெக்கியூன் (1976) கூடக் கழுத்தையும் திறந்து அங்கே இணைப்பது, ஆரிங்கர் (1978) புகழ்பெறச் செய்த ட்ரான்ஸ்ஹயட்டல் முறை மார்பைத் திறக்காமல் வயிறு, கழுத்து வழியாகவே உருவி எடுப்பது. மேலே படித்ததை இங்கே போட்டுப் பாருங்கள். நடுமார்புக் கட்டி என்றால் மேலே போதிய ஓரமும், தாவிப்போகும் கணுக்களும் வேண்டும், மெக்கியூன். கீழ்ப்பகுதி, சந்திப்புக் கட்டி என்றால் ஐவர் லூயிஸ் போதும். கழுத்தில் இணைத்தால் கசிவு அதிகம், ஆனால் கசிந்தாலும் பெரும்பாலும் காயத்தைத் திறந்துவிட்டால் ஆறும். மார்பில் கசிவு குறைவு, கசிந்தால் ஆபத்து. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட டச்சு ஆய்வில் (2021) தலையீடு தேவைப்பட்ட கசிவு மார்பில் 12 சதவீதம், கழுத்தில் 34. நுண்துளை முறையில் நுரையீரல் தொற்று தெளிவாகக் குறைகிறது, இதில் இனி வாதமில்லை.

எடுத்த இடத்துக்கு இரைப்பையையே குழாயாக்கி மேலே கொண்டுபோகிறோம். இடது இரைப்பைத் தமனி, குட்டைத் தமனிகள், இடது கேஸ்ட்ரோஎபிப்ளோயிக் எல்லாம் வெட்டப்படும், உயிர் நிற்பது வலது கேஸ்ட்ரோஎபிப்ளோயிக் தமனியில். ஓமென்டத்தைப் பிரிக்கும்போது அதை இழுக்கக் கூடாது, நசுக்கக் கூடாது, அதிலிருந்து 2 செ.மீ. தள்ளியே கருவி போக வேண்டும். அந்தத் தமனியும் குழாயின் உச்சிவரை போவதில்லை, கடைசிப் பகுதி சுவருக்குள் ஓடும் நுண்நாளங்களால் மட்டுமே வாழ்கிறது. இணைப்பு போடுவதும் அதே உச்சியில்தான். சீரோசா இல்லாத குழாயை, ரத்தம் குறைந்த நுனியோடு, அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும் மார்புக்குள் இணைக்கிறோம், கசிவு ஏன் வருகிறது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் உள்ள இடத்தில் ஒளிரும் ஐசிஜி சாயம் ஏற்றிப் பார்த்து நிறம் ஏறாத பகுதியை வெட்டிவிட்டு, நன்றாக ஒளிரும் இடத்தில் இணைப்பது நல்ல பழக்கம்.

அறுவைக்குப் பிந்தைய வார்டில் அந்த மூன்று அண்டை வீட்டுக்காரர்களும் வருவார்கள். குரல் கரகரப்பு, இருமினால் வலுவில்லை என்றால் ரெக்கரன்ட் நரம்பு, வாய்வழி உணவைத் தள்ளிப்போட்டு விழுங்கும் சோதனை செய்யுங்கள், நிமோனியா காத்திருக்கிறது. ஊட்டம் தொடங்கியதும் ட்ரெயினில் பால் போல வடிந்தால் தொராசிக் டக்ட், ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 110 மி.கி.க்கு மேல் இருந்தால் உறுதி. கொழுப்பை நிறுத்திப் பாருங்கள், நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் தொடர்ந்து வந்தால் உதரவிதானத்துக்குச் சற்று மேலே, பெருந்தமனிக்கும் அசைகஸுக்கும் நடுவிலுள்ள திசுவை மொத்தமாகக் கட்டுங்கள், அல்லது ரேடியாலஜியில் அடைக்கச் சொல்லுங்கள். வேகஸ் இரண்டும் வெட்டப்பட்டதால் இரைப்பைக் குழாய் சோம்பலாக இருக்கும், இரைப்பையின் கீழ்வாயான பைலோரஸ் திறக்காது, மூக்குக் குழாயை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், பிறகு தேவைப்பட்டால் பலூன் வைத்து விரிக்கலாம். இவற்றுக்கு நடுவே முதல் வாரத்தில் புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) வந்தால் இதய மருத்துவரைக் கூப்பிடுவதோடு நிறுத்தாதீர்கள், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பாருங்கள், சிடி எடுங்கள், தேவையானால் அன்றே எண்டோஸ்கோபி. கசிவு பல சமயம் முதலில் நாடியில்தான் தெரியும், ட்ரெயினில் அல்ல.

வீட்டுக்குப் போன பிறகும் நோயாளிகள் தொல்லைகளோடு வருவார்கள். சாப்பிட்ட அரை மணியில் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் என்றால் டம்பிங் (உணவு வேகமாகக் குடலுக்கு இறங்குவது), சிறுகச் சிறுகப் பலமுறை சாப்பிட, இனிப்பைக் குறைக்க, தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் குடிக்கச் சொல்லுங்கள். வால்வே இல்லாததால் பித்தம் மேலேறும், தலைப்பக்கம் உயர்த்திப் படுப்பது வாழ்நாள் முழுதும். சில மாதங்களில் மறுபடியும் விழுங்கச் சிரமம் என்று வந்தால் இணைப்பு சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம், முன்பு கசிந்தவர்களுக்கு இன்னும் அதிகம், இரண்டு மூன்று தடவை விரித்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் விரிப்பதற்கு முன் ஓரத்திலிருந்து பயாப்ஸி எடுத்துவிடுங்கள், சிரமம் தாமதமாகத் தொடங்கியிருந்தால் சிடியும் சேர்த்து.